வலுவிழந்த காரம்

மார்ச் 6, திங்கள்

எங்கள் தெருவுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் தண்ணீர். போன மாதம் பாதி வரை ஞாயிற்றுக்கிழமை விட்டுக்கொண்டிருந்தார்கள். யார் கண் பட்டதோ, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மாற்றிவிட்டார்கள். கவுன்சிலரிடம் போய்க் கேட்டால், "எல்லாத் தெருவும் ஞாயித்துக்கெழமதான் வேணுங்குது, நான் எங்கிட்டுப் போவேன்?" என்கிறார். இரண்டு டிரம், பதினொரு குடம், அண்டா, கடைசியில் குழம்புச் சட்டி வரை நிரப்பிவிட்டு பஸ் ஏறினால், லேபுக்குள் நுழையும்போது பத்தரை. வீட்டுக்காரர் ஜெயராஜ் கூடமாட உதவலாம். ஆனால் அவருக்குத் திங்கட்கிழமை என்றால் சரியாக முதுகு பிடித்துக்கொள்ளும்.

லேப் என்றால் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் ரோட்டில் இருபது நிமிடம் போனால் நிலாப்பூ கூல் டிரிங்ஸ் கம்பெனி. அதில் பாட்டிலுக்கு கேஸ் ஏற்றும் அறைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, பியூரெட் என்கிற கோடு போட்ட கண்ணாடிக் குழாய் ஒன்று, ஒரு கேஸ் அடுப்பு, அப்புறம் நான். லெமன், பன்னீர், கிரேப் மூன்றிலும் புளிப்பு எவ்வளவு என்று தினமும் பார்த்துச் சொல்ல வேண்டும். பாட்டிலைத் திறந்து, கொதிக்கவைத்து கேஸை விரட்டி, ஆறவைத்து, பத்து மில்லி எடுத்துக் குடுவையில் விட்டு, இரண்டு சொட்டு ஃபினாப்தலீன் சேர்ப்பேன். பிறகு பியூரெட்டிலிருந்து காஸ்டிக் சோடா என்கிற காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்குவேன். புளிப்பு முழுவதும் அடங்கியதும் இளஞ்சிவப்பு வந்து நிற்கும். அதுவரை எத்தனை மில்லி இறங்கியது என்பதுதான் கணக்கு. லெமனுக்கு 3.9 வர வேண்டும். 4.1 வரை விடலாம். அதற்கு மேல் போனால் சிரப் ரூமில் சிட்ரிக் ஆசிட்டைக் கூடப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

இன்று 4.0.

திங்கட்கிழமை இன்னொரு வேலையும் உண்டு. காஸ்டிக் சோடா காற்றுப் பட்டால் வலு குறையும். அதனால் வாரம் ஒரு முறை ஆக்ஸாலிக் ஆசிட் வைத்து அதன் வலுவைச் சரிபார்த்து ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். சரியாக இருந்தால் 1.00. ஒன்பது வருடத்தில் 0.99க்குக் கீழே நான் பார்த்ததே இல்லை. முக்கால் மணி நேரம் பிடிக்கிற வேலை. போன இரண்டு திங்களைப் போல இன்றும் நேரமில்லை. 1.00 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 8, புதன்

காரக் கரைசல் இருக்கும் ஐந்து லிட்டர் கேனின் மூடி விரிசல் விட்டிருக்கிறது. பஞ்சு வைத்து அடைத்தேன். புது மூடிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

காசிமாயன் அண்ணன் சாம்பிள் கொண்டுவந்தார். சிரப் ரூம் என்றால் அவர்தான். பத்தொன்பது வருடமாகச் சர்க்கரை, எசன்ஸ், ஆசிட் எல்லாம் அவர் கையால் நிறுத்துப் போட்டதுதான். மற்றவர்கள் முன்னால் என்னை 'மேடம்' என்பார். தனியாக இருந்தால் 'தங்கச்சி'. அவர் வீட்டுக்காரம்மா ஒச்சம்மாவுக்குச் சர்க்கரை ஏறி, வாரம் முழுவதும் ஆஸ்பத்திரிக்கு அலைந்திருக்கிறார்.

"ரெண்டு வேள ஊசி போடச் சொல்லிட்டாங்க தங்கச்சி. நர்ஸம்மா ஒருக்காத்தான் காமிச்சுச்சு. அப்படியே பிடிச்சுக்கிட்டேன். மருந்த உறிஞ்சி, அந்தக் கோட்டுல நிப்பாட்டணும், அம்புட்டுத்தான். நமக்கென்ன புதுசா, நெறுத்துப் போடுற ஆளுதான?" என்று சிரித்தார்.

மகள் ஷைனி ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். சாப்பாட்டில் புழுவாம்.

மார்ச் 13, திங்கள்

தண்ணீர். பத்தே முக்கால். 1.00.

மார்ச் 16, வியாழன்

லெமன் 4.2. எல்லையைத் தாண்டிவிட்டது. காசியண்ணனைக் கூப்பிட்டு மெல்லத்தான் சொன்னேன்.

"கூடப் போட்டிருக்க மாட்டேனே. ஒருக்கா மறுபடியும் பாத்துருங்களேன்."

அவர் எதிரிலேயே மறுபடி செய்தேன். 4.2. "பியூரெட்டுக்கு ஒங்க மேல என்னண்ணே பகை?" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. தராசைத் துடைத்துப் பார்க்கிறேன் என்று போய்விட்டார்.

மார்ச் 20, திங்கள்

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் வீங்கிவிட்டது. 1.00.

மார்ச் 22, புதன்

லெமன் 4.4. பன்னீரும் கிரேப்பும்கூட ஏறியிருக்கின்றன. கிரேப்பில் அந்த ஊதா நிறத்துக்கு நடுவே இளஞ்சிவப்பைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. அதை விட்டுவிட்டாலும், லெமன் பளிச்சென்று சொல்கிறது. மூன்றிலும் கூடியிருக்கிறது. மூன்றுக்கும் ஆசிட்டை அளப்பவர் ஒரே ஆள். வேறென்ன காரணம் இருக்க முடியும்?

மேனேஜர் சபாபதி சாரிடம் ரிப்போர்ட் கொடுத்தேன். சீசன் நேரம், ஒரு நாளைக்கு நானூறு கேஸ் பாட்டில் போகிறது. அவருக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ஒரு பாட்டிலைத் திறந்து வாயில் ஊற்றிக்கொண்டு, "ஆமா, பல்லு கூசுது" என்றார். பாக்கிங்கில் இருந்த பெண்களுக்குக் கொடுத்தார். அவர்களுக்கும் கூசியது. எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். எனக்கும் புளித்தது.

மாலைக்குள் லோடு ஏற்றும் ஆட்கள் வரை 'புளிக்காசி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 24, வெள்ளி

சபாபதி சார் எங்கள் இருவரையும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். காசியண்ணன் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் சொன்னது இதுதான்: "சார், ஆசிட் மூட்டைய எண்ணிப் பாருங்க. நான் கூடப் போட்டிருந்தா மூட்டை கொறஞ்சிருக்கணும்ல? எண்ணிட்டு அப்பறம் பேசுங்க."

"லேப் ரிப்போர்ட் கையில இருக்கறப்ப மூட்டைய எதுக்கு எண்ணணும்?" என்றார் சார்.

காசியண்ணன் என் பக்கம் திரும்பினார். "லேப்ல ஏதாச்சும் கோளாறு இருக்குமான்னு ஒருக்கா பாக்கக் கூடாதா மேடம்?"

எனக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருட வேலையை ஒரு வார்த்தையில் அப்படிச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? ரெஜிஸ்டரை எடுத்துவந்து அவர் முன்னால் விரித்துக் காட்டினேன். "ஒவ்வொரு திங்கட்கிழமையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கேன். இது எழுத்துல இருக்கு. நீங்க சொல்றதுக்கு என்ன எழுத்து இருக்கு?"

அவர் குனிந்து பார்த்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார்.

"வாரா வாரம் ஒரே மாதிரியா மேடம் வரும்?"

"ஒழுங்கா வேலை பாத்தா ஒரே மாதிரிதாண்ணே வரும்" என்றேன்.

கொஞ்சம் சூடாகச் சொல்லிவிட்டேன்தான். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமல்லவா? இரவு சாப்பாட்டுக்கு வெறும் ரசம் வைத்தேன். ஜெயராஜ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

மார்ச் 27, திங்கள்

தண்ணீர் வரவில்லை. பைப் உடைந்துவிட்டதாம். பத்து மணி வரை குடத்தோடு காத்திருந்ததுதான் மிச்சம். ஆக்ஸாலிக் பாட்டிலைக் கையில் எடுத்தேன், அதற்குள் சார் கூப்பிட்டுவிட்டார். 1.00.

மார்ச் 28, செவ்வாய்

4.5. காசியண்ணனை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மத்தியானம் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார். இத்தனை வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "அந்த ரெஜிஸ்டர நீங்களே வச்சு கும்புடுங்க மேடம்! பத்தொம்போது வருசம் ஒரு மனுசன் சொன்னதுக்கு மதிப்பில்ல, நீங்க கிறுக்குன ஒண்ணுக்கு மதிப்பு! நல்லா இருங்க!" பாக்கிங் பெண்கள் எல்லோரும் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். வாட்ச்மேன் அவர் தோளைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தார்.

லேபில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நான் என்ன செய்தேன்? பார்த்ததை எழுதினேன். அதற்கா இவ்வளவு பேச்சு?

மார்ச் 30, வியாழன்

சிரப் ரூமுக்குப் பாக்கிங்கிலிருந்து ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். நேற்றும் இன்றும் சபாபதி சாரே தராசுக்குப் பக்கத்தில் நின்று நிறுக்கவைத்தார். ஆசிட் அவர் கண் முன்னால்தான் போயிற்று.

இன்றும் 4.5.

ரிப்போர்ட்டை நாளை தருகிறேன் என்று சொன்னேன். ஒருவேளை தொட்டியில் பழைய சிரப் தங்கியிருக்கும்.

மார்ச் 31, வெள்ளி

தொட்டியைக் கழுவி நிரப்பியதில் எடுத்த சாம்பிள். 4.5. தலைவலி என்று சொல்லி மூன்று மணிக்கே வந்துவிட்டேன். துணி துவைத்தேன். ஷைனியின் பழைய பாவாடைகளை எடுத்துப் பொத்தான் தைத்தேன். செய்ய வேறு வேலை இல்லாமல் இல்லை.

ஏப்ரல் 1, சனி

ஆக்ஸாலிக் வைத்துப் பார்த்தேன். 0.87.

மறுபடி நிறுத்து, மறுபடி கரைத்துப் பார்த்தேன். 0.87.

மூன்றாவது தடவை. 0.87.

படிக்குள்ளே அடியில் களிமண் ஒட்டி, படி சின்னதாகிவிட்டால் அதே அரிசி அதிகப் படி வரும். அப்படித்தான். காரம் வலு குறைந்தால் அதே புளிப்பை அடக்க அதிக மில்லி இறங்கும். பார்க்கிறவருக்குப் புளிப்பு கூடியதாகத் தெரியும். 4.5ஐ 0.87ஆல் பெருக்கினால் 3.9. காசியண்ணன் ஒரு கிராம்கூடக் கூடப் போடவில்லை. பக்கத்து அறையில் ராப்பகலாக கேஸ் ஏற்றுகிறார்கள், அந்தக் காற்று முழுவதையும் பஞ்சு வழியாக என் கேன் குடித்திருக்கிறது.

கடைசியாக உண்மையில் சரிபார்த்தது பிப்ரவரி 13. அதற்குப் பிறகு ஆறு திங்கட்கிழமை.

ஸ்டோர் ரூம் திறந்திருந்தது. மூட்டைகளை எண்ணினேன். அவர் சொன்னபடி, கணக்கில் ஒன்றுகூடக் குறையவில்லை.

அரிசி தீர்ந்துவிட்டது. நாளைக்கு வாங்க வேண்டும்.

ஏப்ரல் 3, திங்கள்

தண்ணீர் பிடிக்கப் போகவில்லை. ஜெயராஜ் பிடித்தார், முதுகு ஒன்றும் ஆகவில்லை. எட்டரைக்கெல்லாம் லேபுக்கு வந்து, பழைய காரத்தைக் கொட்டிவிட்டு, புதிதாகக் கரைத்து, சரிபார்த்து, எழுதினேன். லெமன் 3.9. பன்னீரும் கிரேப்பும் சரி.

சபாபதி சாரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்றுதான் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவர் தாளை வாங்கிப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "பாத்தீங்களா மேடம்? ஆள மாத்துனோம், அளவு வந்துருச்சு! நீங்க மட்டும் விடாம சொல்லலேன்னா சீசன் பூரா நாறியிருக்கும்."

வாயைத் திறந்தேன். முதலாளியிடமிருந்து அவருக்கு போன் வந்துவிட்டது. போனிலும் என்னைப் பற்றித்தான் பெருமையாகப் பேசினார். சாயங்காலம் முதலாளி சொன்னதாக ஒரு கேஸ் லெமனை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். இருபத்து நான்கு பாட்டில். பக்கத்து வீடுகளுக்கு ஜெயராஜே கொண்டுபோய்க் கொடுத்தார், என் பெண்டாட்டிக்குக் கம்பெனியில் கொடுத்தது என்று.

நாளை சொல்லிவிடலாம்.

ஏப்ரல் 5, புதன்

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம். சாமியாரிடம் பாவங்களைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபப்பட்டேன், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் புறம் பேசினேன், தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மறந்துபோய்க் கறிக்குழம்பு தொட்டுக்கொண்டேன் என்று சொன்னேன். "வேற ஏதாச்சும் இருக்காம்மா?" என்று கேட்டார் சாமியார். எனக்குப் பின்னால் வரிசை கோயில் வாசல் வரை நின்றது.

"இல்ல சாமி" என்றேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

ஈஸ்டர். பிரியாணி. ஷைனி வந்திருக்கிறாள். மீதி பாட்டில்களைக் குளிர வைத்துக் குடித்துக்கொண்டே இருந்தாள். "ஏம்மா நீ குடிக்கல?" என்றாள். பல் கூசுகிறது என்றேன்.

ஏப்ரல் 12, புதன்

சார் டூர் போயிருக்கிறார். வந்ததும் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 14, வெள்ளி

வந்துவிட்டார். ஆனால் சித்திரை ஒன்று, லீவு நாள்.

ஏப்ரல் 16, ஞாயிறு

பூசை முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம். காசியண்ணன்.

மீனைச் சட்டியிலேயே போட்டுவிட்டு எழுந்தேன். தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி நிம்மதியாகக்கூட இருந்தது. உள்ளே வாருங்கள் என்றேன். வேண்டாம், செருப்பெல்லாம் சேறு என்று படியிலேயே நின்றார். இளைத்திருந்தார். ஷேவ் செய்து நாலைந்து நாள் ஆகியிருக்கும்.

"அன்னைக்கு கேட்டுக்கிட்ட நின்னு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் தங்கச்சி. பொம்பளப் பிள்ளைய அத்தன பேரு முன்னால பேசியிருக்கக் கூடாது. மனசுல வச்சுக்கிறாதீங்க."

நான் ஏதோ சொல்ல வந்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இல்ல, சொல்லிடுறேன். எனக்கே சந்தேகமா இருந்துச்சு. பெரியாஸ்பத்திரியில கண்ணக் காமிச்சேன். எடது கண்ணுல புரை ஆரம்பிச்சிருக்காம். அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. தராசு முள்ளு எனக்குச் சரியாத் தெரியல போல. நாந்தான் கூடப் போட்டிருக்கேன். நீங்க கரெக்டாத்தான் சொல்லியிருக்கீங்க, நாந்தான் ஒத்துக்கிறாம குதிச்சிட்டேன்."

"அண்ணே..."

"நான் விட்டுப் போனதும் அளவு சரியாயிருச்சாமே. வாட்ச்மேன் சொன்னாரு. அதுக்கு மேல என்ன வேணும்?"

பிறகு ஒச்சம்மாவைப் பற்றிச் சொன்னார். இன்சுலினை இப்போது அவர் போடுவதில்லையாம். பயமாக இருக்கிறதாம். ஒரு கோடு கூடிப்போனால் ஆளையே தூக்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ரெண்டு தெரு தள்ளி ஒரு நர்ஸ் பெண் இருக்கிறாள். காலையும் சாயங்காலமும் ஒச்சம்மாவை அங்கே நடத்திக் கூட்டிப்போகிறார். நத்தத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் அளவு பார்க்கிற வேலை இருந்ததாம். "எனக்கு அளவு வேல ஆகாதுங்க, பொட்டி தூக்குறேன்னு சொல்லிட்டேன்" என்றார். ஐம்பத்து நாலு வயது.

"மனசுல ஒண்ணும் இல்லேல்ல தங்கச்சி?" என்று மறுபடி கேட்டார்.

"பரவாயில்லண்ணே" என்றேன்.

மீனில் பாதி கெட்டுப்போய்விட்டது. குழம்பும் நன்றாக இல்லை.

ஏப்ரல் 17, திங்கள்

ஜெயராஜிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அவருதான் ஏத்துக்கிட்டாரே. நீ எதுக்கு இப்ப போய்க் கெளறுற?" என்றார். ஷைனிக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது என்றும் சொன்னார்.

அவர் சொன்னதும் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 19, புதன்

3.9.

ஏப்ரல் 20, வியாழன்

3.9. காலையில் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது அவர் இந்நேரம் ஒச்சம்மாவைக் கூட்டிக்கொண்டு நடந்துபோவார் என்று நினைப்பு வந்தது. சாயங்காலமும் வந்தது.

ஏப்ரல் 24, திங்கள்

சபாபதி சாரிடம் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவேன் என்று பயம். ஆறு திங்கட்கிழமையும் பார்க்காமலே எழுதியதைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"மேடம், இத கம்பெனியில யாருட்டயாச்சும் சொல்லிட்டீங்களா?"

"இல்ல சார்."

"அப்பச் சொல்லாதீங்க. முதலாளிக்கு நான் என்னன்னு பதில் சொல்வேன்? மூட்டைய எண்ணச் சொன்னான், நான் எண்ணல. ஒங்களோட சேந்து நானும்ல போவேன்?"

பாவம், அவருக்கும் குழந்தை குட்டி இருக்கிறது. அவர் மூட்டையை எண்ணாததற்கு என் கையெழுத்துத்தான் காரணம்.

ஏப்ரல் 25, செவ்வாய்

சாருக்குத் தெரியாமல் முதலாளிக்குக் கடிதம் எழுதினேன். நாலு தடவை கிழித்தேன். முதல் மூன்றிலும் தண்ணீர் வந்த கதை, பைப் உடைந்த கதை எல்லாம் இருந்தது. நாலாவதில் அதையெல்லாம் எடுத்துவிட்டேன். ஏழு வரிதான் வந்தது.

ஏப்ரல் 26, புதன்

முதலாளி என் எதிரிலேயே இரண்டு தடவை படித்தார். திட்டவில்லை. "காசிய வரச் சொல்லிருங்க. நீங்களே நேர்ல போய்ச் சொல்றதுதான் மொற. ஒங்க விசயம் சீசன் முடிஞ்சு பேசலாம்" என்றார். என்ன பேசப்போகிறார் என்பது எனக்குத் தெரியும். ஜெயராஜிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 27, வியாழன்

வேலை முடிந்து ஐந்து மணிக்கு நத்தம் பஸ் ஏறி, கோபால்பட்டியில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். ஒற்றை அறை வீடு, முன்னால் தகரம் போட்டு இறக்கியிருந்தது. ஐஸ் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார் போல. கை விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. என்னைப் பார்த்ததும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தார். "ஒச்சு, யாரு வந்திருக்கான்னு பாரு! நம்ம லேப் தங்கச்சி!"

அந்த அம்மா சிரித்துக்கொண்டே வந்து, காபி போடுகிறேன் என்று உள்ளே போனார்.

சொன்னேன். பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்தபடி முதலிலிருந்து சொன்னேன். காரம் காற்றில் எப்படி வலு குறையும், கேனின் மூடி, பஞ்சு, பக்கத்து அறையின் கேஸ், 0.87, 4.5 எப்படி 3.9 ஆகிறது, ரெஜிஸ்டரில் நான் பார்க்காமலே எழுதியது, மூட்டைகளை எண்ணியது, முதலாளி வரச் சொன்னது. அவர் குறுக்கே பேசவே இல்லை. வாத்தியார் பாடம் நடத்துவதைக் கேட்பது போலக் கேட்டார். நான் முடித்ததும் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான் கூடப் போடலையா?"

"இல்லண்ணே."

"ஒரு தடவ கூடவா?"

"ஒரு தடவகூட இல்லண்ணே."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. சிரிப்பும் கூடவே வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே பார்த்துக் கத்தினார். "ஏ ஒச்சு! என் கையில ஒண்ணும் தப்பில்லையாம்டி! அளவெல்லாம் சரியாத்தான் இருந்துச்சாம்! கேட்டியா? இனி அந்த நர்ஸுப் பிள்ள வீட்டுக்குப் போக வேணாம். நானே போடுறேன்!"

"மாரியாத்தா!" என்றது உள்ளே இருந்த குரல்.

என்னைத் திட்டுவார், கேள்வி கேட்பார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் என் மேல் கோபப்படவே மறந்துவிட்டார். "எல்லாருக்கும் வர்றதுதான் தங்கச்சி, வேல மும்முரத்துல ஒருக்கா ரெண்டுக்கா விட்டுப் போறதுதான்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். கண் புரைக்கு அடுத்த மாதம் ஆபரேசன் செய்துகொள்ளலாம் என்றார். சிரப் ரூமில் அந்தப் பையன் தொட்டியைச் சரியாகக் கழுவுகிறானா என்று கேட்டார். என்னென்னவோ பேசிக்கொண்டே போனவர், நடுவில் நிறுத்தினார்.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். போன வாரம்தான் என்றால் நம்பியிருப்பார்.

"ஒண்ணாந் தேதிண்ணே."

"இந்த மாசம் ஒண்ணாந் தேதியா?"

"ஆமாண்ணே."

அவர் மனதுக்குள் நாள் எண்ணுவது தெரிந்தது. உதடு லேசாக அசைந்தது.

"அப்ப நான் ஒங்க வீட்டுக்கு வந்தன்னைக்கு..."

"தெரியும்ணே."

"நான் கண்ணப் பத்திச் சொன்னப்ப?"

"தெரியும்."

"ஊசியப் பத்திச் சொன்னனே?"

நான் தலையை ஆட்டினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை. யாரோ புது ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"பரவாயில்லன்னு சொன்னீங்க" என்றார்.

அதற்குள் ஒச்சம்மா காபியோடு வந்துவிட்டார். அந்த அம்மாவின் முகம் முழுவதும் சந்தோசம். என் கையைப் பிடித்து, வேலை மெனக்கெட்டு இம்புட்டுத் தூரம் வந்து சொன்ன மகராசி என்றார். எனக்கென்று சர்க்கரையைத் தாராளமாகப் போட்டிருந்தார். நான் குடித்து முடிக்கும் வரை காசியண்ணன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்ளரைக் கீழே வைத்ததும் எழுந்தார்.

"ஆறேகாலுக்கு பஸ் இருக்கு மேடம்."

ஒச்சம்மா, "சாப்புட்டுப் போகட்டுமே, இப்பத்தான வந்தாங்க" என்றார். "அவுங்களுக்கு நேரமாச்சு" என்று சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். தனியாக அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. பஸ் ஸ்டாப் வரை இரண்டடி முன்னாலேயே போனார். பஸ் வருவதற்குப் பத்து நிமிடம் ஆயிற்று, அதுவரை நின்றார். கம்பெனிக்கு வருவாரா மாட்டாரா என்று கேட்க நினைத்தேன், முடியவில்லை. பஸ் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தி, கண்டக்டரிடம், "திண்டுக்கல்லு, லேடீஸ் ஒருத்தர்" என்றார். நான் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பதற்குள் திரும்பி நடந்துவிட்டார்.

பஸ் சாணார்பட்டியை நெருங்கும்போதுதான் உறைத்தது. பஞ்சைப் பற்றிச் சொன்னேன், மூடியைப் பற்றிச் சொன்னேன், பெருக்கல் கணக்குக்கூடச் சொன்னேன். என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்லவே இல்லை. தான் செய்யாத தப்புக்கு அவர் என் வீட்டுப் படியில் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். நான் அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

சாணார்பட்டியில் இறங்கி எதிர்ப் பக்கம் நின்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ். திரும்பிப் போயிருக்கலாம். எழுந்துகூட நின்றேன். "திண்டுக்கல்லுக்குத்தானம்மா டிக்கெட்டு?" என்றார் கண்டக்டர். ஆமாம் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.